கை வலிக்கிற மந்திரியும் கால் வலிக்கிற மேஸ்திரியும்

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவன் மாதிரி அலைகிறாய் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த வேலையோ, உட்கார்ந்து காத்திருக்கிற வேலை. ராயபுரத்தில் கடலோரமாக இருந்த ஒரு மரக் கிடங்கில் அடையாளம் போடுகிறவன் நான். பர்மாவிலிருந்து கப்பலில் தேக்கு வரும். ஆட்கள் கயிறு கட்டி, பாட்டுப் பாடி, இழுத்து வந்து அடுக்குவார்கள். அடுக்கின மரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் நான் எண் போடவேண்டும். மரம் வந்து சேரும்வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்க்கவேண்டும். கடலை எத்தனை நாள்தான் பார்ப்பது?

அந்தக் காத்திருப்பில்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் எனக்கும் வாத்தியாருக்கும் ஒத்துப்போகவில்லை. கப்பலில் வரும் பெட்டிகளின் மேலே எழுதியிருப்பதைக் கூட்டிக் கூட்டி எழுத்தைப் பிடித்தேன். அப்புறம் ஒரு பழைய அகராதி. அதற்கும் அப்புறம், ஏதோ கப்பலில் கழித்துப்போட்ட சாமான்களோடு சந்தைக்கு வந்த ஒரு தடிப் புத்தகம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யா தேசத்து அரண்மனையில் இருந்த ஒரு மந்திரியின் கதை. நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம். படித்ததை மத்தியானம் கூழ் குடிக்கிற நேரத்தில் ஆட்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் செரிக்காது.

அவன் பெயரை நான் ஒரு மாதிரி சொன்னேன், ஆட்கள் ஆளுக்கு ஒரு மாதிரி திருப்பிச் சொன்னார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பெயரை விட்டுவிட்டோம். மந்திரி என்றால் அவன்தான்.

ஜெர்மனி தேசத்துப் பாதிரியார் ஒருவரின் பிள்ளை அவன். படிக்கப் போன ஊரில் கத்திச் சண்டை போட்டு ஒருத்தனைக் கொன்றுவிட்டு, ஊரை விட்டே ஓடிப்போனவன்.

"பாதிரி மவன் கத்தி எடுத்தானா? நம்ம பேட்டையில பொறக்க வேண்டியவன்பா, வழி தவறி அங்க பூட்டான்" என்றார் பாட்டுக்காரர்.

பாட்டுக்காரர் என்பது மரம் இழுக்கும்போது முன்வரி எடுத்துக் கொடுக்கிறவர். கிடங்கில் இருந்தவர்களிலேயே வயதானவர் என்று சொல்லலாம். கயிறு தேய்ந்து தேய்ந்து தோளில் ஒரு வாய்க்கால் ஓடியிருக்கும். சுமை அவர் தோளில் இருந்ததைவிடக் குரலில்தான் இருந்தது. அவர் ஒரு வரி எடுத்தால் நாற்பது கால் ஒன்றாக எட்டு வைக்கும். வாயோ, காசிமேட்டுக் கத்தி. எதிரே வருவது யாரென்று பார்க்காது.

ஓடிப்போனவன் ரஷ்யாக் கப்பல் அதிகாரி ஒருவரிடம் எழுத்து வேலைக்குச் சேர்ந்தான். நாலைந்து பாஷை தெரியும். அந்த நாட்டுப் பெரிய ராஜாவின் கண்ணில் பட்டான். பக்கத்துத் தேசத்தோடு வருஷக்கணக்கில் நடந்த சண்டையை, பேசியே முடித்துக் கொடுத்தான். அதோடு ஏறினவன்தான். பெரிய ராஜா போனார், அவர் பெண்டாட்டி ராணியானாள், இவன் இருந்தான். அவள் போனாள், பேரன் ராஜாவானான். அந்தப் பையனுக்குப் பாடம் சொல்கிறவனாக இவன் இருந்தான். பையன் பெரியம்மையில் போனான், பெரிய ராஜாவின் அண்ணன் மகள் வந்தாள். இவன் முன்னைவிடப் பெரிய ஆளாக இருந்தான். அவள் போய்க் கைக்குழந்தை ஒன்று ராஜாவாச்சு, அப்போதும் இவன்தான்.

"எப்டிபா? ஒரு துரை மாறினா நமக்கு வவுத்த கலக்குது. அவன் மட்டும் எப்டி குந்தினே கீறான்?" என்று கேட்டார்கள்.

அதையும் சொன்னேன். பொல்லாத காகிதம் ஒன்று வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றால் அவனுக்கு வலது கையில் வாதம் வந்துவிடும். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சபையில் வாய் திறக்கவேண்டிய நாளில் கண்ணில் நோய் வந்துவிடும். கண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவான். யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்த மறுநாள் கட்டு அவிழும். வேண்டிய நேரத்தில் அழுகையும் வருமாம்.

நான் சொல்லி வாய் மூடவில்லை, யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்துக் கூழில் புரையேறிவிட்டது. அடுத்தவர் தொடங்கினார். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். யார் பக்கம் திரும்பக்கூடாதோ அந்தப் பக்கமே எல்லாத் தலையும் திரும்பிற்று. கொஞ்ச தூரத்தில் ஒரு மரத்தின்மேல், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேஸ்திரி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் கிடங்கு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். காலையில் ஆட்கள் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். மேஸ்திரி பிரம்போடு வருவார். பிரம்பால் யார் தோளைத் தொடுகிறாரோ அவருக்கு அன்று வேலை. தொட்டபின் உள்ளே போனவரை, பொழுது சாயும்வரை துரையே நினைத்தாலும் வெளியே அனுப்ப முடியாது. எந்தக் காகிதத்திலும் எழுதாத சட்டம். அதை மீறினால் மற்ற ஆட்கள் கயிற்றைத் தரையில் போட்டுவிடுவார்கள். அலையில் கிடக்கிற மரம் கயிறில்லாமல் கரைக்கு வராது என்று துரைமாருக்கும் தெரியும்.

ஆனால் ஆளைக் குறைக்கவேண்டும் என்று மேலே முடிவானால், பிரம்பு எடுக்கிற கைக்குத்தான் பழி. எங்கள் மேஸ்திரி அந்தப் பழியை எடுத்ததே இல்லை. அந்த மாதிரி நாளில் அவருக்குக் காலில் வாயு வந்துவிடும். காலடிப்பேட்டையில் வீட்டில் கட்டுப்போட்டுப் படுத்துவிடுவார். துரையின் பியூன் கேட்டில் வந்து நின்று, துரை சொன்ன ஆளைக் கூப்பிட்டு, மற்றவர்களைப் போகச் சொல்லிவிடுவான். எல்லாம் அடங்கினபிறகு மேஸ்திரி நொண்டிக்கொண்டே வருவார்.

"அய்யய்யோ, நான் இருந்திருந்தா வுட்டுடுவனா? பாழாப்போன காலு!" என்று போனவனுக்காக முதல் ஆளாக அழுவார். உண்மையாகவே கண்ணீர் வரும்.

"இந்தாளு காலுக்குப் பஞ்சாங்கம் தெரியும்பா" என்பார் பாட்டுக்காரர்.

கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பார். கல்யாணத்துக்குப் பந்தல்கால் சுமப்பார். துரை போனால் துரை வருவான், மேஸ்திரி இருக்கிறவன் இருக்கவேண்டும் என்பது அவர் வேதம். கழுவுற மீனில் நழுவுற மீன் என்று நாங்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார்.

அன்று சாயங்காலமே பாட்டுக்காரர் வேலையைக் காட்டிவிட்டார். பெரிய மரம் ஒன்றை மணலில் இழுக்கும்போது எடுத்துவிட்டார்:

"மந்திரிக்குக் கைவலி — ஏலேலோ ஐலசா
மேஸ்திரிக்குக் கால்வலி — ஏலேலோ ஐலசா
மரத்துக்கு இன்னா வலி — ஏலேலோ ஐலசா
மரத்துக்கும் நாம வலி — ஏலேலோ ஐலசா"

மேஸ்திரி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். என் சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தேன். அவர் என் காதருகே குனிந்து, "டேய், அந்த மந்திரி லேசுப்பட்டவன் இல்லடா. புத்தியோட பொயச்சிகீறான். அப்பால இன்னா ஆனான்?" என்றார்.

"இன்னும் படிக்கல மேஸ்திரி."

"சீக்கிரம் படி. நல்லா சாவான் பாரு, மெத்தையில படுத்துகினு."

அதிலிருந்து தினமும் கேட்டார். ஆட்கள் அவரைக் கேலி செய்ய அந்தக் கதையைக் கேட்டார்கள். அவர் தைரியத்துக்காகக் கேட்டார். நடுவில் நான், அகராதியும் கையுமாக.

அந்தச் சமயத்தில் துரை மாறினார். வந்தவர் சின்ன வயசு. அவரோடு பெரிய பெரிய பெட்டிகளில் பளு தூக்கும் யந்திரம் ஒன்று வந்து இறங்கிற்று. பற்சக்கரமும் சங்கிலியுமாக அதைப் பூட்டினார்கள். அதன் பக்கத்தில் நின்று ஆட்களை ஒரு பார்வை பார்த்தார் துரை. சனிக்கிழமை மத்தியானம் மேஸ்திரியை மாடிக்குக் கூப்பிட்டார். வயசானவர்கள் திங்கட்கிழமையிலிருந்து வேண்டாம். அவ்வளவுதான் உத்தரவு; பியூன் வாயால் அது உடனே கீழே வந்துவிட்டது. பாட்டுக்காரரும் அவர் ஜோடி ஆட்கள் மூன்று பேரும்.

மேஸ்திரி மாடிப்படியில் இறங்கும்போதே ஒரு காலைத் தாங்கித் தாங்கி இறங்கினார்.

"வந்துடுச்சிபா, மகராசி கால்வலி" என்றார் பாட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவர் சிரிக்கவில்லை. சாயங்காலம் கயிறு சுருட்டும்போது என்னிடம் வந்து நின்றார். "ஏம்பா, திங்கக்கெழம அந்த பியூன் நம்மள உள்ள வுட்டுடுவான் இல்ல?" என்றார். "வூட்ல குந்திகினு நான் யாருக்குப் பாட்றது? மருமவ அட்சிடுவா" என்று தானே ஒரு வேடிக்கை பண்ணிக்கொண்டு போனார். அவருடைய மகன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். மருமகளும் பிள்ளைகளும் இவர் தோளைத்தான் நம்பியிருந்தார்கள். அதை அவர் வாயால் சொல்ல மாட்டார். காசிமேட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மிச்சப் புத்தகத்தைப் படித்து முடித்தேன். முடித்தபிறகு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறினதும் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே நடந்தேன். மேஸ்திரியை எழுப்பிக் கூட்டிவருவதா, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதா என்று ஒன்றும் முடிவு பண்ணவில்லை. அனல் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நின்றேன். நின்றால் கால் எரிந்தது. நடந்தேன்.

காலடிப்பேட்டையில் மேஸ்திரி வீட்டு வாசலில் அவர் சம்சாரம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தம்பி. உங்க மேஸ்திரிக்கு கால்வலி. இன்னா, சிரிக்கிலியா?" என்றார்.

"சிரிக்கிற நேரமா அக்கா?"

"சிரிச்சிடு. நான் நேத்து ராத்திரி சிரிச்சேன். காலைல கட்ட அவுத்துப் பாத்தேன். அப்பால சிரிப்பு வர்ல."

உள்ளே மேஸ்திரி பாயில் கிடந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சம்சாரம் மீன் கையைக் கழுவிவிட்டு வந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல் கட்டை அவிழ்த்தார். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. தோல் பளபளவென்று மின்னிற்று.

"நெசம்டா. இந்த வாட்டி நெசம். மாடியில எறங்கும்போது மடங்கிச்சி, அதோட வீங்கிச்சி. சொன்னா எவன் நம்புவான்?" என்று சுவரிடம் சொன்னார் மேஸ்திரி.

எவனும் நம்ப மாட்டான். நானே வாசல்வரைக்கும் நம்பவில்லை.

அப்புறம் அவரே திரும்பினார். "அது கெடக்கட்டும். அந்த மந்திரி கதை இன்னா ஆச்சு? முட்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"மெத்தையிலதான செத்தான்?"

சொன்னேன். பெரிய ராஜாவின் மகள் ஒருத்தி இருந்தாள். எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டு, சிப்பாய்கள் வீட்டுப் பிள்ளைக்குக்கூடப் பெயர் வைத்துக்கொண்டு இருந்தவள். இவளால் என்ன ஆகும் என்று மந்திரி நினைத்திருந்தான். ஒரு நாள் அந்தச் சிப்பாய்களையே கூட்டிக்கொண்டு வந்து கைக்குழந்தை ராஜாவைத் தொட்டிலோடு இறக்கிவிட்டுத் தானே ராணியானாள். மந்திரியைப் பிடித்துவர ஆள் போயிற்று. அப்போது அவனுக்குக் கைவாதம் கால்வாதம் எல்லாம் நிஜமாகவே வந்திருந்தது. நடக்க முடியாது.

மேஸ்திரி முழங்கையை ஊன்றி எழுந்தார். "வுட்டுட்டாங்களா?"

"இல்ல. அப்படியே தூக்கினு போனாங்க. பனியில சறுக்குற வண்டியில போட்டு, அப்பறம் நாற்காலியில வச்சித் தூக்கி, ஊரே பாக்க மேடையில ஏத்துனாங்க. தலைய வெட்டணும்னு தீர்ப்பு."

"வலியோடயேவா?"

"வலியோடயே."

கட்டையில் தலையை வைத்தார்கள். சட்டைக் கழுத்தைத் திறந்துவிட்டார்கள். வெட்டுகிறவன் தயாராக நின்றான். அப்போது இன்னொரு காகிதத்தைப் படித்தார்கள்: ராணி உயிர்ப்பிச்சை கொடுக்கிறாள், தேசத்தின் கோடியில் பனிக்காட்டில் போய்க் கிடக்கவேண்டும். மந்திரி முகம் மாறவில்லையாம். எடுத்து வைத்திருந்த பொய்முடியையும் குல்லாவையும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டானாம்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்றது இதான்" என்று மூச்சுவிட்டார் மேஸ்திரி.

"தலைப்பாகையும் போவலியே. கேட்டு வாங்கிகினானே" என்றார் அவர் சம்சாரம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரிக்கு வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அஞ்சு பேருக்கு வேல செஞ்சிகீறான். அந்த மேடையாண்ட அத்தினி ஜனம் நின்னுகினு இருந்திருக்கும். ஒருத்தன், ஒரே ஒருத்தன், நல்லவன்பா வுட்டுடுங்கன்னு சொன்னானா?"

"புத்தகத்துல அப்படி ஒண்ணும் இல்ல மேஸ்திரி. ஜனங்க வேடிக்கைதான் பாத்தாங்களாம்."

"அவன் எவனுக்கு வாயத் தொறந்தான், இவனுக்குத் தொறக்க?" இது அவர் சம்சாரம். யாரையும் குத்திச் சொன்ன மாதிரி இல்லை. மீனை எடுத்துச் சட்டியில் போட்டுக்கொண்டே சொன்னார்.

வெளியே கொடியில் காய்ந்த துணி படபடவென்று அடித்துக்கொண்டது. திடீரென்று மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தார். முழங்கால் மடங்கிப் பாயிலேயே விழுந்தார். வாயில் வராத வசவு ஒன்று வந்தது. "நாளைக்கு நான் கேட்டாண்ட இருக்கணும்டா. போய் அந்தப் பாட்டுக்காரன இட்டா. ஆளுங்கள இட்டா. என்னிய தூக்கினு போவணும்" என்றார்.

வந்த வழியே காசிமேட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். பாட்டுக்காரர் குடிசை வாசலில் வலை கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"நெசமா வீங்கிகீதா? சேராங்கொட்டைய அரச்சிப் பூசி வீங்க வச்சிகினு இருப்பான்பா. நீ கூட அவன் கட்சியில சேந்துட்டியா?"

"மாமு, நான் கண்ணால பாத்தேன்."

"நீ கண்ணால பாத்த. நான் இத்தினி வருசமா பாத்துகினு கீறேன்." ஊசியைக் கீழே வைத்தார். "சரி, வரேன். வேல போயி சாவப் போறவனுக்கு இன்னா, ஒரு கூத்துப் பாத்துட்டுப் போலாம்."

திங்கட்கிழமை வானம் வெளுக்கும் முன்னால் நாங்கள் காலடிப்பேட்டையில் இருந்தோம். பாட்டுக்காரரும் அவர் ஜோடி ஆட்களும் நானும், ஒரு கை வண்டியோடு. மரம் தூக்குகிற கழியும் கயிறும் வண்டியிலேயே கிடந்தன. பாட்டுக்காரர் நேரே உள்ளே போனார். மேஸ்திரியின் முழங்காலை உற்றுப் பார்த்தார். கட்டைவிரலால் ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினார். மேஸ்திரி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் விளக்கேற்றினார்கள்.

"நெசம்தான்பா, தூக்கு" என்றார் பாட்டுக்காரர்.

வண்டி தண்டையார்பேட்டை வரைக்கும் ஒழுங்காக வந்தது. அங்கே ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி அச்சு முறிந்தது. கிழக்கே வெளிச்சம் வந்துவிட்டது. கேட் திறக்கிற நேரம். முன்னால் இரண்டடி ஓடுவேன், திரும்பி வருவேன். "நீ ஓடினா மணி நிக்குமா? நில்லுடா ஒரு எடத்துல" என்று மேஸ்திரியே திட்டினார்.

இரண்டு கழிகளை எடுத்தார்கள். கயிற்றில் ஊஞ்சல் மாதிரி ஒரு கண்ணி போட்டு, அதில் மேஸ்திரியை உட்காரவைத்து, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். ஊர் பார்க்கப் போகிற விஷயம், பாட்டு வேண்டாம், சத்தமில்லாமல் போவோம் என்று முதலில் நினைத்தார்கள். பத்தடி போவதற்குள் ஒருவர் கால் முன்னும் ஒருவர் கால் பின்னுமாகி, மேஸ்திரி இரண்டு பக்கமும் ஆடி, தரையில் மோதப் பார்த்தார். பாட்டில்லாமல் எங்கள் ஆட்களுக்குத் தூக்க வராது. மரமானாலும் மனுஷனானாலும் ஒன்றுதான்.

"பாட்றா" என்றார் மேஸ்திரி கண்ணியில் தொங்கிக்கொண்டே.

முன்கழியில் இருந்த பாட்டுக்காரர் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இன்னா பாட்றது?"

"தெனம் பாட்றதப் பாடு. நான் இல்லாதப்ப பாட்றியே, அத்த."

பாட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "மேஸ்திரிக்குக் கால்வலி —"

"ஏலேலோ ஐலசா!" என்று எல்லோருக்கும் மேலே மேஸ்திரியின் குரல்தான் கேட்டது.

அப்புறம் எட்டு ஒன்றாக விழுந்தது. ஓட்டமும் நடையுமாகப் போனோம். தண்ணீருக்கு நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தது.

கிடங்கு கேட்டில் பியூன் கூப்பிடத் தொடங்கியிருந்தான். பக்கத்தில் துரை நின்றார். அன்றுதான் யந்திரத்தை ஓட்டிப் பார்க்கிற நாள் என்று இறங்கி வந்திருந்தார். எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் இடம் மாறி மாறி நின்று, கூப்பிட்டவன் யார் கூப்பிடாதவன் யார் என்று தெரியாமல் பியூனைக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. பாட்டு காதில் விழுந்ததும் கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது.

துரை ஏதோ கேட்டார். மேஸ்திரி கயிற்றில் உட்கார்ந்தபடியே இடுப்பிலிருந்து பிரம்பை உருவினார். வியர்வை அவர் புருவத்திலிருந்து சொட்டிற்று. கழியைத் தாங்கியிருந்த பாட்டுக்காரரின் தோளை எட்டித் தொட்டார். அவர் பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டார். உடம்பைத் திருப்ப முடியாமல், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, பிரம்பைத் தலைக்கு மேலே பின்பக்கமாக நீட்டிப் பின்கழிக்காரர்களையும் தொட்டார். எந்தத் துரைமாருக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டு எத்தனையோ வருஷம் படுத்துக் கிடந்தாரோ, அந்தத் துரைமாரில் ஒருவர் இரண்டு முழ தூரத்தில் நின்றார். மேஸ்திரி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"போங்கடா உள்ள" என்றார்.

அவர்கள் அவரைச் சுமந்துகொண்டே கேட்டைத் தாண்டினார்கள்.

துரையின் முகம் சிவந்துவிட்டது. உரக்கப் பேசினார். பியூன் ஆட்களைப் பிடித்து நிறுத்தப் போனான். மற்றவர்கள் எல்லோரும், உள்ளே போனவர்களும் வெளியே நின்றவர்களும், கயிற்றைக் கையில் பிடித்தபடி துரையையே பார்த்தார்கள். கயிறு இன்னும் கையில்தான் இருந்தது. தரைக்கும் கைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று துரை ஒருமுறை பார்த்திருக்கவேண்டும். பியூனைக் கையசைத்து நிறுத்தினார். மேஸ்திரியைச் சுட்டிக்காட்டி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

மேஸ்திரியை ஒரு மரத்தின்மேல் இறக்கினார்கள். "இன்னா சொல்லிட்டுப் போறான்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அந்த இங்கிலீஷுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. "உங்களுக்கு இனிமே இங்க வேலை இல்லையாம் மேஸ்திரி."

"அத்த வுடு. இவங்களுக்கு?"

"இவங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணியும் சொல்லலியா?"

"இல்ல."

"அப்ப சரி" என்று சொல்லி வெற்றிலைப் பையைத் தேடினார். அது வீட்டிலேயே இருந்துவிட்டது. பாட்டுக்காரர் தன் மடியிலிருந்து எடுத்து நீட்டினார். வாயில் கேலி ஏதாவது வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. "கொயுந்து வெத்தல, போடு" என்றுமட்டும் சொல்லிவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அலைப்பக்கம் போய்விட்டார்.

புது மேஸ்திரி வந்தார். பழைய மேஸ்திரி தொட்டுவிட்டுப் போன தோள்களை விடுவதற்கு அவருக்கு அந்த வருஷம் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் பாட்டுக்காரர் கூட்டத்தில் நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பார். பிரம்பு பட்டபிறகுதான் தோளை இறக்குவார். அடுத்த நாள் மறுபடியும் அதே பயம். வேலை நிலைத்தது என்று யாரும் நிம்மதியாக மூச்சுவிட்ட நாள் கிடையாது. யந்திரத்தின் சங்கிலி உப்புக்காற்றில் துருப்பிடித்து அடிக்கடி சிக்கும். சிக்கின நாளெல்லாம் பாட்டுக்காரருக்குப் பண்டிகை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காலடிப்பேட்டைக்குப் போவேன். வீக்கம் வற்றினாலும் மேஸ்திரியின் முழங்கால் மடங்காமலே நின்றுவிட்டது. அவர் சம்சாரம் மீன் கூடை தூக்கத் தொடங்கினார். போனதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பாட்டுக்காரன தொட்டாங்களா?" என்பது. தொட்டார்கள் என்பேன். ஒருதரம் கேட்டால் போதாது. நேற்று தொட்டானா, முந்தாநாள் தொட்டானா, தொடும்போது முறைத்தானா என்று எல்லாம் கேட்பார்.

அப்படி ஒரு நாள் கேட்டு முடித்துவிட்டு, "ஆமா, அந்த மந்திரி பனிக்காட்டுல போயி இன்னா பண்ணான்? நீ சொல்லவே இல்லியே" என்றார்.

"பெருசா ஒண்ணும் எழுதல. சம்சாரமும் கூடப் போச்சாம். குளுரு. கால்வலி. பாதி நாளு படுத்தே கெடந்தானாம்."

"அந்தம்மாவுக்கு வேற வேல இல்ல போல" என்றார் அவர் சம்சாரம், கூடையைக் கழுவிக்கொண்டே.

"படுத்தா கெடந்தான்?" மேஸ்திரி போர்வையை உதறினார். காலைத் தரையில் தேய்த்து முன்னால் நகர்ந்தார். "ஏய், என்னிய புடி. வாசல்ல குந்தறேன். மர வண்டி போற சத்தம் கேக்குது."

"அது மர வண்டி இல்ல. மீன் வண்டி."

"எந்த வண்டியானா இன்னா? புடி மொதல்ல."

நான் ஒரு பக்கமும் அவர் சம்சாரம் ஒரு பக்கமுமாகப் பிடித்தோம். அவர் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.